இரண்டு தில்லைக்குக் கீழே

வைத்தாயிற்று. இன்குபேட்டர் கதவைச் சாத்தி, முப்பத்தேழு டிகிரி என்று பச்சை எழுத்து எரிவதையும் பார்த்தாயிற்று. டைமரில் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. இனி நான் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். கைக்கு வேலை இருந்தவரை மனசு வாயை மூடிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று இருபது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில். பிலோமினா தொட்டியில் பீக்கர் கழுவுகிறாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கட்டைவிரலை இடது கையால் பொத்திப் பிடித்திருக்கிறேன். விரல் சூடாக இருக்கிறது. உள்ளே இருப்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, தொண்ணூற்றாறு குழி, ஒவ்வொன்றும் கடலைப்பருப்பு உட்காரும் அளவு. முதல் வரிசை முழுக்க என் ரத்தம். ரத்தம்கூட இல்லை, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், சீரம். 1999, 2001, 2003 என்று ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், 2021 வரை பன்னிரண்டு குழி. இரண்டாவது வரிசை பிலோமினாவுடையது, அதே பன்னிரண்டு வருஷம். மூன்றாவது வரிசையில் வெளியிலிருந்து வாங்கிய அளவுகோல் திரவம், அதன் பக்கத்தில் நாற்பத்தேழாம் நம்பர் பெண்ணின் சீரம் இரண்டு குழி. அவள் பெயர் கோசலை. பெயரை நினைக்காமல் நம்பரை நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். முதல் வரிசை பன்னிரண்டும் ஒரே நிறமாக வந்தால் நான் பிழைத்தேன். இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனால் இருபத்தைந்து வருஷம் நான் ஆராய்ச்சி என்று செய்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அறுபது வயதில், டாக்டர் தில்லைநாயகி என்று கதவில் பெயர் எழுதிய அறையில், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி பயமாக இருக்கிறது.

போன வாரம் அந்த மூட்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டாம். போகாமல் இருந்தால் என்ன, வலிதானே, வலி எத்தனை வருஷப் பழக்கம். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் கட்டைவிரல் வலிக்கும். திரவத்தை உறிஞ்சி விடுகிற பிப்பெட்டை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அமுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும், அதற்குப் பெயரே பிப்பெட் வலி. கான்ஃபரன்ஸ்களில் கட்டைவிரலைக் காட்டித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொள்வோம். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையில் நிற்காது, தோசைக்கரண்டி நிற்காது, ஒன்பது மணி வாக்கில் சரியாகிவிடும். சரியானதும் மறந்துவிடும். அந்த டாக்டருக்கு நாற்பது வயசு இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, ஒவ்வொரு கணுவாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "மேடம், இது முடக்குவாதம். நேத்து இன்னைக்கு வந்தது இல்ல. எலும்பு ஓரமெல்லாம் அரிச்சிருக்கு பாருங்க. மெதுவா, குறைஞ்சது பதினஞ்சு வருஷமா உள்ளயே எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன். "நீங்க இந்த ஃபீல்டுலயே இருந்துக்கிட்டு எப்படி மேடம்..." என்று தொடங்கியவர் மரியாதைக்கு நிறுத்திக்கொண்டார். அழற்சி. உடம்பு எதிரி இல்லாத இடத்தில் எதிரியைப் பார்த்துத் தன்னையே சுட்டுக்கொள்வது. முதலாண்டு மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன், கரும்பலகையில் ஒரு மூட்டை வரைந்து, சிவப்புச் சாக்பீஸால் தீட்டி. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது நான்காவது படியில்தான் அந்த நினைப்பு வந்தது. பதினைந்து வருஷம் என்றாரே. அப்படியானால் ஒரு தில்லை என்பது என்ன? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

ஒரு தில்லை. கேலிக்கு வைத்த பெயர், பிறகு அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்யப் போகிறோம் என்று நாங்கள் கிளம்பியபோது எனக்கு முப்பத்துநாலு வயசு. எம்.பி.பி.எஸ். படிக்கிற காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்டு முழுக்கக் கண் மஞ்சளாகிப் படுத்திருந்த நடவுக்காரர்களைப் பார்த்தவள் நான், அதை நிறுத்திவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். தடுப்பூசியில் கிருமியின் துண்டு மட்டும் போதாது, உடம்பை உசுப்பிவிட ஓர் ஊக்கியும் வேண்டும். ஊக்கி அதிகம் உசுப்பினால் உடம்பு எரியும். எவ்வளவு எரிகிறது என்று அளக்க வேண்டும், அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அளவுகோல் திரவம் ஏர்போர்ட் கஸ்டம்ஸில் ஒன்பது நாள் கிடந்து, ஐஸ் உருகி, வெந்நீராக வந்து சேர்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அப்போதுதான் நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். ஆரோக்கியமான ஆள்தானே வேண்டும், நான் இருக்கிறேனே. 1999, பொங்கல் லீவு முடிந்த முதல் நாள். பிலோமினா அப்போதுதான் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தாள், கை நடுங்கிற்று, இரண்டு தடவை குத்தித்தான் ரத்தம் வந்தது. "உங்களுக்கு மட்டும் குத்தினா பாவம் மேடம், எனக்கும் நீங்க குத்துங்க" என்று தன் கையை நீட்டினாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் பொங்கல் முடிந்த முதல் நாள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கும் ஊசி, அப்புறம் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல். என் டியூப்தான் அந்த வருஷத்து அளவுகோல். அவளுடையது சும்மா, துணைக்கு, பெட்டியின் பின்வரிசையில் கிடக்கும். என் ரத்தத்தில் இருக்கிற அழற்சி அளவு ஒரு தில்லை. அதுதான் இயல்பு. ஊசி போட்டவர்களுக்கு இரண்டு தில்லைக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை, மேலே போனால் நிறுத்து. பரிசோதனையைக் கண்காணிக்கும் கமிட்டிக்கு அனுப்பும் காகிதத்தில் தில்லை என்று எழுத மாட்டோம், இயல்பு அளவு என்று கௌரவமாக எழுதுவோம். புது வருஷத்து டியூபைப் பழைய டியூபோடு வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும், அது விதி. முதல் மூன்று வருஷம் பார்த்தோம், ஒத்துப்போயிற்று. நாலாவது வருஷம், இனி தேவையில்லை என்று நான்தான் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானே மாறப் போகிறேனா என்ன, அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். கையெழுத்து இப்போது போடுவதைவிட அழகாக இருக்கிறது, விரல் மடங்கின காலம்.

போன் அதிர்கிறது. வேதரத்தினம், எங்கள் இயக்குநர். எடுக்காமல் இருந்தால் நேரில் வந்துவிடுவார். "மேடம், திங்கட்கிழமை காலைல ஒன்பதரைக்கு சீர்காழியில ஃபங்ஷன். முதல் ஊசி போடறதுக்கு முன்னாடி குத்துவிளக்கு நீங்கதான் ஏத்தணும், நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." சரி என்றேன். "நாலாயிரம் பேர் மேடம்! கொரோனால போன ரெண்டு வருஷத்தையும் சேத்துப் புடிச்சிட்டோம். உங்க இருபத்தஞ்சு வருஷத் தவம்." சரி என்றேன். "குரல் ஒரு மாதிரி இருக்கே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்றைக்கு வியாழன். நாலாயிரம் பேர், எல்லாம் வயற்காட்டு ஜனம், சாக்கடை இறங்குகிறவர்கள். அவர்களுக்குப் போகப்போவது ஊக்கியின் நாலாவது வடிவம். முதல் வடிவத்தை 2001இல் பன்னிரண்டு பேருக்குப் போட்டபோது அழற்சி நாலு தில்லை காட்டிற்று. தூக்கிப் போட்டோம். மாற்றினோம், மூன்று காட்டிற்று. மறுபடி மாற்றினோம், இரண்டேகால். 2019இல் நாலாவது வடிவம், ஒன்றரைக்கும் கீழே. ஊக்கியின் சூட்டைத் தணித்தவர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள், கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிக் கேடயம் இருக்கிறது. தணிந்தது ஊக்கிதானா, அல்லது வருஷத்துக்கு வருஷம் நான் எரிய எரிய, என்னோடு ஒப்பிட்டால் மற்றதெல்லாம் குளிர்ச்சியாகத் தெரிந்ததா. அளக்கிற படியே உப்பிக்கொண்டு போனால் நெல் குறைவாகத்தானே தெரியும். அந்த நான்காவது படியில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு வாரமாக இதைத் தலையிலிருந்து இறக்க முடியவில்லை. இறக்கி வைக்க எனக்கு ஆளும் இல்லை.

நாற்பத்தேழு. கோசலை. சீர்காழிப் பக்கத்துக்காரி, முப்பது, முப்பத்தொன்று இருக்கும். 2019இல் நாலாவது வடிவத்தின் இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் மாதம், பஸ் பிடித்து, யாரையோ விசாரித்துக்கொண்டு இங்கேயே வந்து நின்றாள். அந்த நாற்காலியில்தான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "காலைல எந்திரிச்சா வெரலு மடங்க மாட்டேங்குது மேடம். நாத்து முடியப் புடிக்க முடியல. வெயிலு ஏற ஏறத்தான் கொஞ்சம் வுடுது. நடவுக்குக் கூப்புட மாட்டேங்கறாங்க" என்றாள். அவளுடைய அளவைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஒன்று புள்ளி நாலு தில்லை, இரண்டுக்குக் கீழே. ஊசிக்கு முன்னால் எடுத்தது பூஜ்யம் புள்ளி மூன்று. அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். அவளுக்கு மட்டுமில்லை, நாங்கள் ஊசி போட்ட அவள் கிராமத்தில் எல்லாருக்குமே ஊசிக்கு முன்னால் என்னைவிட மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. இயல்பைவிடக் குறைவாக ஓர் ஊரே எப்படி இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டியவள், கேட்கவில்லை. வயிற்றுப் பூச்சி அதிகமுள்ள ஜனங்களுக்கு அழற்சி அடங்கித்தான் இருக்கும் என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். கட்டுரையாக எழுதினேன், நல்ல பத்திரிகையில் வந்தது, மற்றவர்கள் அதை எடுத்தாண்டும் இருக்கிறார்கள். ஓர் ஊரையே பூச்சி வயிறு ஆக்கிவிட்டு என் ரத்தத்தை மட்டும் நம்பினேன். அவளிடம் நான் சொன்னது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "ஊசியால இருக்காதும்மா. என் ரத்தத்துல எவ்வளவு இருக்கோ, கிட்டத்தட்ட அதேதான் உன் ரத்தத்துலயும் இருக்கு. நான் நல்லாத்தானே இருக்கேன்?" அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் வெரலு வீங்கித்தானே மேடம் இருக்கு" என்றாள். என் துறையில் இத்தனை வருஷம் யாரும் சொல்லாததை அவள் ஒரே பார்வையில் சொன்னாள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "எனக்கும் வலிக்கும். வேலை செய்யிற எல்லாருக்கும் வலிக்கும்" என்றேன். "அப்ப சரிங்க மேடம்" என்றாள். எனக்கும் வலிக்கிறது என்றதில் அவளுக்கு ஓர் ஆறுதல், முகத்தில் தெரிந்தது. வாசல் வரை போய்த் திரும்பி, "நல்லெண்ணெய சுட வச்சுத் தடவிப் பாருங்க" என்றாள். அப்புறம் வரவில்லை. தொடர்பில்லை என்று அவள் பெயருக்கு எதிரே எழுதினேன், ஊசிக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்று. மகாபாவி.

"மேடம், சாப்பிட்டு வந்துடுங்களேன். எலுமிச்சை சாதம் இருக்கு, ரெண்டு பேருக்கும்தான் எடுத்தாந்தேன்" என்கிறாள் பிலோமினா. வேண்டாம் பிலோ என்கிறேன். "காலைலயும் சாப்பிடல நீங்க." அவளுக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. பழைய டியூபெல்லாம் எடு, உன்னுடையதும் எடு என்றதும் ஒன்றும் கேட்காமல், மைனஸ் எண்பது ஃப்ரீஸருக்குள் கையை விட்டு, பனியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். டியூப் மூடிமேல் அவள் கையெழுத்தில் வருஷம். இன்னும் நாற்பது நிமிஷம். ஏறிக்கொண்டே போனாலும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறதே, நேற்றெல்லாம் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். பழைய சீரம் கெட்டுப்போயிருக்கலாம். 2015 வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் முழுகிவிட்டது, ஃப்ரீஸர் கதவோரம் தண்ணீர் சொட்டிற்று. கெட்டுப்போனால் அளவு குறையும். பழையது குறைந்து புதியது அப்படியே இருந்தால் ஏறுகிற மாதிரித்தான் தெரியும், நான் ஏறவில்லை, பழையவை இறங்கின. அழகான காரணம். எந்தக் கமிட்டியும் ஒப்புக்கொள்ளும். ஆனால் பிலோவின் டியூப்களும் அதே பெட்டியில், அதே வெள்ளத்தில் இருந்தவை. என்னுடையது கெட்டிருந்தால் அவளுடையதும் கெட்டிருக்கும், இரண்டு வரிசையும் சேர்ந்தே ஏறும். என்னுடையது மட்டும் ஏறினால் தப்ப வழியில்லை. அவளுடைய டியூப்களை வைக்காமல் விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியும், அவை துணைக்குக் கிடந்தவைதானே. அவற்றைத் தட்டில் போட்டது நான்தான். ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பொங்கல் முடிந்து, டியூபை மாற்றி எடுத்து அவளுடையதை அளவுகோலாக வைத்திருந்தால் ஒரு தில்லை ஒரு பிலோவாக இருந்திருக்கும், கோசலை நடவு நட்டுக்கொண்டிருப்பாள். அல்லது மாட்டாளோ. ஊசி இல்லாமலும் இந்த வியாதி வரும், எனக்கு எந்த ஊசியும் போடாமல்தானே வந்தது. அது தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. தெரிந்துகொள்ளத்தான் அந்த இரண்டு தில்லைக் கோடு இருந்தது, அந்தக் கோட்டை நான் என் வீங்கிய விரலை அளவாக வைத்து வரைந்தேன்.

டைமர் கத்துகிறது. தட்டை எடுத்து ஐந்து தடவை கழுவி, கவிழ்த்து டிஷ்யூ காகிதத்தில் தட்டினேன். இனி நிறம் காட்டும் திரவம். குழிக்கு நூறு மைக்ரோலிட்டர், பிலோ ஊற்றினாள், அவள் கை இப்போது நடுங்குவதில்லை. பதினைந்து நிமிஷம் அலுமினியத் தாளால் மூடி இருட்டில் வைத்து, பிறகு ஒரு சொட்டு அமிலம் விட்டால் நீலம் மஞ்சளாகும், அதோடு நிறம் அப்படியே நின்றுவிடும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அழற்சி. பதினைந்து நிமிஷம் என்பது நான் வைத்த கணக்கு. மூன்றாவது நிமிஷமே அமிலத்தை விட்டால் எல்லாக் குழியும் வெளிறி நிற்கும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. ரிசல்ட் தெளிவில்லை, மறுபடி செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதலாம். மறுபடி செய்வதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும், விளக்கை ஏற்றிவிடலாம், பிறகு ரிட்டயர்மென்ட். அமிலம் இருந்த பிப்பெட்டை நான் கையில் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்பதை எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு என்னை நானே நல்லவள் என்று சொல்லிக்கொள்வேன். அலுமினியத் தாளை விலக்கினேன். மூன்று நிமிஷம் பத்து செகண்ட். கட்டைவிரலை அமுக்கினேன், அமுங்கவில்லை. வலி முழங்கை வரை ஓடிற்று. "குடுங்க மேடம், நான் விடறேன்" என்று பிலோ கையை நீட்டினாள். அவளுக்கு நேரம் ஆகவில்லை என்று தெரியும், ஆனாலும் நான் சொன்னால் விட்டிருப்பாள், இருபத்தைந்து வருஷமாக நான் சொன்னதையெல்லாம் செய்தவள். அந்த நீட்டிய கையைப் பார்த்தேன். என்னைவிட நாலு வயசு இளையவள், விரல்கள் நேராக, கணு ஒன்றும் தடிக்காமல் இருந்தன. "வேணாம் பிலோ. பதினஞ்சும் ஆகட்டும்" என்றேன். தாளை மூடினேன்.

ஆயிற்று. அவள்தான் அமிலம் விட்டாள். மெஷினில் வைக்க வேண்டியதே இல்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது வரிசை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி, எலுமிச்சைத் தோல் போட்டு வைத்த தண்ணீர் நிறம். முதல் வரிசை அதே நிறத்தில் தொடங்கி, 2005இல் கொஞ்சம் தடித்து, 2011இல் மஞ்சளாகி, 2019இல் அந்த வார்டில் நான் பார்த்த கண்களின் மஞ்சளாக இருந்தது. 1999ஐப்போல 2019 மூன்று புள்ளி மூன்று மடங்கு என்றது மெஷின். மூன்றாவது வரிசையில் கோசலையின் முதல் குழி, ஊசிக்கு முன்னால் எடுத்தது, பிலோவின் நிறம்; இரண்டாவது குழி, ஊசிக்குப் பின், என் 2019ஐவிடவும் ஒரு படி அடர்த்தி. எண்களைப் பெருக்கிப் பார்த்தேன். நிஜமான இயல்போடு ஒப்பிட்டால் ஊக்கி எரித்தது 2001இல் நாலு மடங்கு, 2019இல் நாலரை. ஊக்கி ஒருநாளும் தணியவே இல்லை. பிலோ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேனா, அழுவாள் என்றா, தெரியவில்லை. "மேடம், இத்தனை வருஷமாவா உங்களுக்கு வலிச்சுது? ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கமிட்டிக்கு நாலு வரி எழுதினேன். அளவுகோல் தவறு, தவறு என்னுடையது, திங்கட்கிழமை ஊசி போடக்கூடாது, தட்டின் படம் இத்துடன். ஒரு விரலால் அடித்ததில் நேரமாயிற்று. அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் வேதரத்தினத்தின் போன் அதிர ஆரம்பித்தது, அதிர்ந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டேன். என் மேஜையில் இருந்த லேண்ட்லைனில் நாற்பத்தேழாம் நம்பர் ஃபைலில் இருந்த எண்ணை அமுக்கினேன். மாறியிருக்கும், எடுக்க மாட்டாள், ஆறு வருஷம். நாலாவது மணியில் எடுத்தாள். "யாருங்க?" தில்லைநாயகி பேசறேன், அந்த ஊசி போட்டமே, அந்த டாக்டர் என்றேன். பின்னால் கோழி கத்திற்று. அவள் யோசித்தாள், பிறகு ஞாபகம் வந்துவிட்ட குரலில், "அட, மேடமா! நல்லா இருக்கீங்களா? ஒங்க வெரலு இப்ப எப்புடி இருக்கு, மடங்குதா?" என்றாள்.

மடங்கலம்மா என்றேன்.